கல்லறைத் தோட்டத்தில் 107 பனங்கன்றுகள்

போன சனிக்கிழமை சாயங்காலம் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு எங்கள் ஆலயத்துக் கல்லறைத் தோட்டத்தைச் சுற்றி வந்து பனங்கன்றுகளை எண்ணினேன். 107 நிற்கின்றன. மேற்குச் சுவரோரம் இருக்கும் ஒரு கன்றில் புதிதாக வந்த ஓலை, நுனியில் பிளந்து விசிறி மாதிரி விரியத் தொடங்கியிருக்கிறது. இதுவரை அதில் வந்த ஓலையெல்லாம் ஒற்றை நாக்குதான். அந்த ஒரு விசிறியைப் பார்க்க நாலு வருஷமும் மூன்று விதைப்பும் ஆகியிருக்கின்றன. முதல் இரண்டு விதைப்பும் பெரும்பாலும் வீணாய்ப் போனவை. எங்கே தவறினோம் என்பதையும் சேர்த்து எழுதி வைத்தால், தங்கள் ஆலய நிலத்தில் பனை போட நினைக்கிறவர்களுக்கு ஒரு வருஷமாவது மிச்சமாகும்.

ஊர் சாத்தான்குளத்துக்குத் தெற்கே, தேரி என்கிற செம்மணல் மேடு தொடங்குகிற ஓரம். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபை. எங்கள் தாத்தாமார் காலத்தில் ஊரில் பாதிப் பேர் பனையேறினவர்கள். இப்போது பனையேறுகிறவர்கள் மூன்று பேர். அதில் மூத்தவர் என் பெரியப்பா. வயது 71. இந்த வேலை தொடங்கினதற்குக் காரணமும் அவர்தான்.

2021 மார்ச் 28 குருத்தோலை ஞாயிறு. ஆராதனை முடிந்து பெருக்கக் குனிந்தபோது, பின்பக்கத்து நடைக்கு வெளியே பிரிக்காத குருத்துகள் சாய்த்து வைத்திருப்பதைப் பார்த்தேன். பதினொன்று இருந்தன. கட்டுகூட அவிழ்க்கவில்லை. அன்றைக்கு வெட்டிக் கொண்டுவந்தது 34 குருத்து, கூடியிருந்தது சுமார் 380 பேர். ஆளுக்கு ஒரு பெரிய ஓலையாக இழுத்தெடுத்ததில் தரையெல்லாம் பாதி கிழிந்தது கிடந்தது. பெரியப்பா வாசல் படியில் உட்கார்ந்திருந்தார். முந்தின நாள் வடலிக் காட்டுக்கு (வடலி என்றால் இளம்பனை) போய் வெட்டினவர் அவர். "ஏட்டி, ஒரு வடலி வருஷத்துக்குப் பத்துப் பன்னிரண்டு ஓலைதான் விடும். அதுல பிஞ்சா நிக்கத நாம எடுத்திட்டு வாரோம். எடுத்தது ஆண்டவருக்குன்னா மனசு ஆறும். இது யாருக்கு?" என்று அந்தக் கட்டுகளைக் காட்டிக் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை.

அந்த வருஷம் ஓய்வுநாள் பள்ளியில் எனக்குக் கொடுத்திருந்த பாடம் ஆதியாகமம் இரண்டாம் அதிகாரம். தேவன் மனுஷனைத் தோட்டத்தில் வைத்தது "அதைப் பண்படுத்தவும் காக்கவும்" என்று பிள்ளைகளை மனப்பாடம் பண்ண வைத்துக்கொண்டிருந்தேன். ஒரு பையன் எழுந்து, "டீச்சர், நாம எதைக் காக்கோம்?" என்று கேட்டான். ஆலயத்துக்கு வெளியே வடலிக் காடு விலை பேசப்பட்டுக்கொண்டிருந்த நேரம் அது. எங்கள் பக்கத்தில் விறகுக்காகச் செங்கல் சூளைக்குப் போன பனை கொஞ்சநஞ்சமில்லை. அதே வருஷம் ஆகஸ்டில் சட்டசபையில் வேளாண்மைக்கென்று முதல்முறை தனி நிதிநிலை அறிக்கை வாசித்தபோது, இனிப் பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று அறிவித்தார்கள். நல்ல காரியம். ஆனால் நிற்கிற மரத்தைக் காப்பது ஒரு வேலை, புதிதாய் ஒன்றை எழுப்புவது வேறொரு வேலை. குருத்தோலைக்கென்று சபையே பனை வளர்க்க வேண்டும் என்று அப்போதுதான் தோன்றியது.

சங்கீதம் 92இல் "நீதிமான் பனையைப்போல் செழித்து" என்று வாசிக்கிறோம். மூல மொழியில் அங்கே இருப்பது பேரீச்சை மரம். யோவான் சுவிசேஷத்தில் ஜனங்கள் எருசலேமில் பிடித்துக்கொண்டு போனதும் பேரீச்சை ஓலைதான். தமிழில் அது பனையாகவும் குருத்தோலையாகவும் வந்து நம் கையில் சேர்ந்துவிட்டது. எனக்கு அதில் ஒரு பொறுப்பு இருக்கிறதாகவே படுகிறது. வேதத்துக்குள் நம் ஊர் மரம் ஒன்று வந்து நிற்கிறது, ஊருக்குள் அது இல்லாமல் போகக் கூடாது.

சரி, முதல் விதைப்பு.

2021 ஆவணி, புரட்டாசியில் பிள்ளைகள் பொறுக்கிக்கொண்டு வந்த பனம்பழத்திலிருந்து கொட்டை எடுத்தோம். மற்ற மரக்கன்று வளர்க்கிற பழக்கத்தில், கறுப்பு பாலித்தீன் பையில் போட்டு வளர்த்து, கன்றானதும் எடுத்து நடலாம் என்று முடிவு பண்ணினேன். 6க்கு 8 அங்குலப் பை. செம்மண்ணும் சாணமும் மணலும் கலந்து 120 பை நிரப்பி, குருமனைக்கு, அதாவது குருவானவர் வீட்டுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் வரிசையாக அடுக்கினோம். பை, மண், சாணம், வண்டிக்கூலி எல்லாம் சேர்த்து 1,150 ரூபாய். இரண்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீர். பெரியப்பா ஒரு நாள் வந்து பார்த்துவிட்டு, "பைக்குள்ள பனையா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். நான் அந்தக் கேள்வியைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அங்கேதான் முதல் தப்பு.

டிசம்பர் கடைசி வாரம், கிறிஸ்துமஸ் விடுமுறையில் நடலாம் என்று பைகளைத் தூக்கப் போனோம். தூக்க வரவில்லை. இழுத்தால் கீழே ஏதோ 'மொடக்' என்று முறிகிற சத்தம். நாலைந்து பை அப்படி முறிந்த பிறகு நிறுத்தச் சொல்லிவிட்டு, ஒரு பையை மட்டும் சுற்றிலும் தோண்டிப் பார்த்தேன்.

அதை இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது தெரியாமல் எத்தனை பேர் பனங்கொட்டையைப் பையில் போட்டுக் காத்திருக்கிறார்களோ. கொட்டை மேலே மண்ணோடு மண்ணாக இருக்கிறது. அதன் ஒரு முனையிலிருந்து விரல் மொத்தத்தில் வெள்ளையாக ஒரு குழாய் புறப்பட்டு, நேராகக் கீழே இறங்கி, பையின் அடி ஓட்டையைக் கிழித்துக்கொண்டு, தரைக்குள் போயிருக்கிறது. டேப் வைத்து அளந்தேன், 15 அங்குலம். அதை நான் வேர் என்று நினைத்திருந்தேன். அது வேரில்லை. அந்தக் குழாயின் அடி நுனியில்தான் கன்றே இருக்கிறது. கொட்டை, தன் உயிரை ஒன்றேகால் அடி ஆழத்துக்கு இறக்கிவிட்டு, மேலேயிருந்து சாப்பாடு அனுப்பிக்கொண்டிருக்கிறது. ஆழத்தில் ஈரம் இருக்கும் இடத்தில் கிழங்கு திரண்டு, அங்கிருந்துதான் வேர் கீழேயும் ஓலை மேலேயும் புறப்படும். வருஷா வருஷம் பொங்கலுக்குப் பனங்கிழங்கு அவித்துத் தின்கிறேன், அந்தக் கிழங்கு எப்படி அந்த ஆழத்துக்குப் போனது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

தேரியில் மேல்மணல் சித்திரையில் கால் வைக்க முடியாதபடி கொதிக்கும். முளைத்த இடத்திலேயே நின்றால் ஒன்றும் பிழைக்காது. இதை இப்படி வகுத்துப் படைத்தவரின் கையை நினைத்து, தோண்டின குழிக்குப் பக்கத்தில் நான் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். பிள்ளைகளும் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். அன்றைக்கு வேறு பாடம் எடுக்கவில்லை.

120 பையில் முளைத்திருந்தது 87. முறியாமல் தோண்டி எடுத்து நட்டது 20. ஒன்றும் பிழைக்கவில்லை. மீதிக் கிழங்கை அவித்து மிளகு, உப்பு போட்டு இடித்து எல்லாரும் தின்றோம். பெரியப்பா கிழங்கை உரித்துக்கொண்டே சொன்னார்: "பனை தான் எங்க நிக்கணும்னு அதுவே தேர்ந்துக்கிடும். போட்ட எடத்துல விட்டுறணும். தூக்கிட்டு அலையக் கூடாது."

அப்படியானால் போட்ட இடத்திலேயே நிரந்தரமாக நிற்கிற மாதிரி நிலம் வேண்டும். ஆலய வளாகத்தில் இடமில்லை, பாதிக்கு மேல் தளம் போட்டாயிற்று. மிச்சம் இருந்தது கல்லறைத் தோட்டம். இரண்டு ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. வடக்கே வாசல், மற்ற மூன்று பக்கமும் சுவர். மூன்று பக்கத்தையும் டேப் பிடித்து அளந்ததில் 790 அடி.

2022 ஆகஸ்டு சபைக் கமிட்டியில் எழுதிக் கொடுத்தேன். எதிர்ப்பு வந்தது. அதில் நியாயமும் இருந்தது. நாளைக்குக் குழி வெட்ட இடம் வேண்டாமா, வேர் கல்லறையை உடைக்காதா, மட்டை விழுந்து சிலுவை சாயாதா என்று கேட்டார்கள். பனைக்கு ஆலமரம் மாதிரி பருத்த வேர் கிடையாது, சல்லி வேர்தான், சுவரை உடைக்காது என்று சொல்லிப் புரிய வைத்தோம். கடைசியாக ஒரு பெரியவர், "கல்லறையில் காய்க்கிற நுங்கை யார் தின்பா?" என்றார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. கமிட்டியில் இல்லாவிட்டாலும் நான் அழைத்துப் போயிருந்த பெரியப்பா, பின் பெஞ்சிலிருந்து எழுந்தார். "அங்க படுத்துக் கெடக்கவங்க எல்லாரும் பனையேறினவங்கதான ஐயா. அவங்க ஏறி இறக்கின பதனிக் காசுலதான் இந்தக் கோயிலக் கட்டினோம். அவங்க தலைமாட்டுல நாலு பனை நின்னா அவங்களுக்கு நல்லாத்தான் இருக்கும்." குருவானவர் அத்துடன் ஜெபம் பண்ணி முடித்துவிட்டார். இரண்டு நிபந்தனை: கல்லறைகளுக்கு ஐந்தடி தள்ளிப் போட வேண்டும், ஆலயப் பணம் கேட்கக் கூடாது.

இரண்டாம் விதைப்பு 2022 அக்டோபரில். சுவரிலிருந்து நாலடி தள்ளி ஒரே வரிசை. நாலடிக்கு ஒரு கொட்டை, மொத்தம் 200. மண்வெட்டியால் நாலு அங்குலம் பள்ளம், கொட்டை, மண். கூலி 900 ரூபாய். தண்ணீர் விடவில்லை. மழை பெய்தது. எல்லாம் நன்றாக இருக்கிறது என்று நினைத்தேன்.

2023 பொங்கலுக்கு முந்தின வாரம் போய்ப் பார்த்தால் வரிசையில் குழி குழியாகக் கிடந்தது. ஊர்ப் பையன்கள் தோண்டிக் கிழங்கு எடுத்திருக்கிறார்கள். அவர்களில் இரண்டு பேர் என் வகுப்பிலேயே படிக்கிறவர்கள். கோபம் வந்தது உண்மை. ஆனால் பொங்கலுக்குப் பனங்கிழங்கு தோண்டுவது தப்பு என்று அவர்களுக்கு யார் சொன்னது? அங்கே போட்டிருப்பது மரத்துக்கு, கிழங்குக்கு இல்லை என்று ஊருக்குள் நான் யாரிடமும் சொல்லி வைக்கவில்லை. அந்த வருஷத்திலிருந்து குருமனைக்குப் பின்னால், அந்த வேப்பமரத்துக்கு அப்பால், பிள்ளைகளுக்கென்றே ஒரு கிழங்குப் பாத்தி போடுகிறோம். ஒன்றரை அடி உயரத்துக்கு மண் குவித்து, மேலே கொட்டையை நெருக்கமாக அடுக்கி, கொஞ்சம் மண்ணும் ஓலையும் மூடினால் போதும். அது வந்த பிறகு கல்லறைத் தோட்டத்தில் ஒரு கொட்டையும் திருட்டுப் போனதில்லை.

மிச்சமிருந்ததில் ஆடி மாதம் தலைகாட்டியது 71. முதல் ஓலை எப்படி இருக்கும் என்பதைத் தெரிந்துகொள்வது ரொம்ப முக்கியம். பனை என்றால் விசிறி என்று தேடக் கூடாது. ஒற்றை நாக்கு, ஒரு சாண் நீளம், நீளவாக்கில் மடிப்பு, கரும்பச்சை. கோரைப்புல்லுக்குள் நின்றால் கோரை மாதிரியே இருக்கும். விரலால் தடவினால்தான் வித்தியாசம் தெரியும். புல் வழவழவென்று வளையும், இது காய்ந்த தோல் மாதிரி விறைப்பாக நிற்கும்.

நவம்பர் 2 கல்லறைத் திருநாள். அதற்கு முந்தின நாள் குடும்பம் குடும்பமாக வந்து கல்லறைகளைச் சுத்தம் பண்ணி வெள்ளையடிப்பது வழக்கம். 2023இல் அன்று எனக்குத் திருநெல்வேலியில் வேலை. சாயங்காலம் திரும்பி வந்து பார்த்தால் தோட்டம் மொட்டையாகப் பளிச்சென்று இருக்கிறது. சுவரோரப் புல்லையும் சேர்த்து மண்வெட்டியால் செதுக்கிக் குவித்துத் தீ வைத்திருந்தார்கள். நல்ல மனசோடு செய்த வேலை. 71இல் 9தான் மிச்சம். அந்த ஒன்பதும் கல்குவியலுக்கு மறைவில் நின்றதால் தப்பினவை.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. காலையில் கல்லறைத் திருநாள் ஆராதனைக்குப் போய் அப்பா கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு நின்றபோது, "நீ விதைக்கிற விதை செத்தாலொழிய உயிர்க்கமாட்டாதே" என்று குருவானவர் வாசித்தார். நூறு தடவை கேட்ட வசனம். அன்றைக்கு எனக்கு அது ஆறுதலாக இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். இடைவெளி நிரப்புவதற்கென்று சேர்த்து வைத்திருந்த கொட்டை குருமனைக் கொட்டகையில் குவிந்து கிடந்தது. பருவம் கொஞ்சம் பிந்திவிட்டது, ஆனால் ஐப்பசி முடியவில்லை, மழை இருக்கிறது. திரும்பப் போட்டுவிடலாம் என்று முடிவு பண்ணினேன்.

மூன்றாம் விதைப்பு 2023 நவம்பர் 10, 11 தேதிகளில். இந்தத் தடவை எதையும் பெரியப்பாவைக் கேட்காமல் செய்யவில்லை.

முதலில் கொட்டையைப் பார்த்தோம். குவியலிலிருந்து கை போன போக்கில் பத்து எடுத்து அரிவாளால் இரண்டாக வெட்டினார். எட்டில் உள்ளே வெள்ளையாகத் தவுண், பஞ்சு மாதிரியான பருப்பு, திரண்டிருந்தது. இரண்டு காலி, வண்டு துளைத்தது. பிள்ளைகள் தவுணை அங்கேயே பகிர்ந்து தின்றுவிட்டார்கள். பத்துக்கு எட்டு போதும் என்றார். வெளியே முளை இரண்டு விரற்கடை நீட்டியிருக்கிற கொட்டையாக மட்டும் 160 பொறுக்கினோம். முளை உடையாமல் ஓலைப் பெட்டியில் வைக்கோல் போட்டு எடுத்துக்கொண்டு போனோம்.

அடுத்தது நிலம். நாலடிக் கடப்பாரையை ஒவ்வொரு இடத்திலும் குத்திப் பார்த்தார். தெற்கிலும் மேற்கிலும் கம்பி மூன்றடி வரை தடையில்லாமல் இறங்கியது. கிழக்குச் சுவரோரம் ஒரு நீளத்துக்குப் பதினாலு அங்குலத்தில் 'டங்' என்று நின்றது. அடியில் சுக்கான் பாறை. போன விதைப்பில் அந்தப் பக்கம் முளைக்காமல் போன ஒன்றைத் தோண்டிப் பார்த்தோம். குழாய் கீழே இறங்கி, பாறையில் முட்டி, கொக்கி மாதிரி மேலே வளைந்து அழுகியிருந்தது. அந்த நீளத்தில் வரிசையை ஏழடி உள்ளே தள்ளினோம், அங்கே கம்பி இறங்கியது. இந்தக் குத்திப் பார்க்கிற வேலைக்கு ஒரு காலை நேரம்தான் ஆனது. முதல் வருஷமே செய்திருக்க வேண்டிய வேலை.

பத்தடிக்கு ஒரு குழி. இரண்டு வரிசை, ஒன்றுக்கொன்று எதிரில் வராமல் மாற்றி மாற்றி. வரிசைக்கு 80, மொத்தம் 160. குழி ஓரடி ஆழம் வெட்டி, அடிமண்ணைக் கிளறிவிட்டு, மேல்மண்ணை முக்கால்வாசி திரும்பப் போட்டு, கொட்டையை முளை கீழே பார்க்கும்படி வைத்து, மேலே நாலு அங்குலம் மண். மிதிக்கக் கூடாது, கையால் தட்டினால் போதும்.

அடையாளத்துக்கு: ஆலயத்தின் பழைய கூரை ஓடு மாற்றினபோது உடைந்து கிடந்த சில்லுகளை எடுத்து, வெள்ளை பெயின்ட் அடித்து, கறுப்பில் 1 முதல் 160 வரை எண் எழுதி ஒவ்வொரு குழிக்கும் அரையடி தள்ளிப் புதைத்தோம். சுற்றிலும் உடைமுள். ஆட்டுக்கும் மண்வெட்டிக்கும் சேர்த்து அதுதான் வேலி. எண்களைக் கோடு போட்ட நோட்டில் பதிந்தேன்.

செலவு: இரண்டு ஆள், இரண்டு நாள், நாளைக்கு 800 வீதம் 3,200. முள் ஏற்றி வந்த வண்டிக்கு 700. பெயின்டும் தூரிகையும் 160. மொத்தம் 4,060 ரூபாய். இதில் பாதியைப் பெண்கள் ஐக்கியச் சங்கத்தார் கைப்பிடி அரிசி விற்ற காசிலிருந்து கொடுத்தார்கள்.

ஐந்து வாரம் கழித்து, டிசம்பர் 17, 18இல் அந்த மழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது என்று எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். எங்கள் ஊரிலும் கண்மாய் உடைந்தது, வீடுகளுக்குள் தண்ணீர். பத்து நாள் வரைக்கும் பனங்கொட்டையை யாரும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை. ஆலயக் கூடத்தில் சமையல், பாய், மருந்து என்று போய்க்கொண்டிருந்தது. புது வருஷ ஆராதனை கழிந்துதான் தோட்டத்துக்குப் போனேன். தென்கிழக்கு மூலை தாழ்வு. அங்கே தேரி மணல் அடித்துக்கொண்டு வந்து ஓரடிக்கு மேல் படிந்திருந்தது. 31 குழி அதற்கு அடியில். எண் சில்லு ஒன்றும் தெரியவில்லை. மணலை அள்ளலாமா என்று கேட்டேன். பெரியப்பா வேண்டாம் என்றார், அள்ளுகிற மண்வெட்டியே முளையை வெட்டிவிடும். விட்டுவிட்டோம்.

மற்ற 129 குழிகளுக்கு அந்த மழையே வரம். 2024 ஆடியில் ஓலை வரத் தொடங்கி, சிலது ஐப்பசி வரைக்கும் இழுத்து, மொத்தம் 106 எட்டிப் பார்த்தன. மணல் மூடின மூலையிலும் ஆறு, தாமதமாக வந்தன. 112. அந்த வருஷக் கல்லறைத் திருநாளுக்கு முந்தின ஞாயிறு, ஒரு கன்றைச் சுற்றி எல்லாரையும் நிற்க வைத்து, இதுதான் பனை, இது புல் என்று பிள்ளைகளை விட்டே காட்டச் சொன்னேன். நவம்பர் 1 அன்று முழு நாளும் அங்கேயே நின்றேன். ஒன்றுகூடச் சாகவில்லை. ஒரு அம்மா தன் மாமியார் கல்லறையைத் துடைத்துவிட்டு, பக்கத்துக் கன்றின் முள்ளைச் சரி பண்ணி வைத்துவிட்டுப் போனார்கள்.

2025 கோடையில் 14 போயின. ஐந்து ஆடு கடித்தது, முள் சரிந்த இடத்தில். ஒன்பதுக்குக் கறையான் என்று நினைக்கிறேன், அடியில் மண் பூசியிருந்தது. இப்போது 98, பழைய 9, ஆக 107. தண்ணீர் ஒரு குடம்கூட விடவில்லை.

இதற்கிடையே குருத்தோலை ஞாயிற்றின் கணக்கும் மாறியது. இதைச் சொல்லாவிட்டால் கதை பாதிதான். நாங்கள் போட்ட கன்றிலிருந்து குருத்து வெட்ட இன்னும் சில வருஷம் ஆகும். அதுவரை வெளியே வெட்டுவதைக் குறைக்க வேண்டும். 2024இல் ஒரு குருத்தை எடுத்து முழுக்கப் பிரித்து எண்ணினேன். தனித்தனி ஓலையாகக் கிழித்தால் 58. ஓரத்தில் குட்டையாக இருப்பதைக் கழித்தால் 50 நல்ல ஓலை. அப்படியென்றால் 410 பேருக்கு ஒன்பது குருத்து போதும். 34 எங்கே, 9 எங்கே!

சனிக்கிழமை மத்தியானம் பெரியப்பா வெட்டிக் கொண்டு வருவார். ஒரு வடலிக்கு ஒன்றுதான். போன வருஷம் எடுத்ததில் இந்த வருஷம் எடுக்கிறதில்லை. உச்சிக்குள் கை வைக்காமல், விரிய இருக்கிற குருத்தை மட்டும் மட்டையோடு அரிவார். கீழே இருக்கும் மொட்டில் அரிவாள் பட்டால் பனைக்கு வேறு உச்சி கிடையாது, மரமே போய்விடும். நாங்கள் கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்து கிழிப்போம். மூடின குருத்து மஞ்சளும் வெள்ளையுமாக இருக்கும், பிரிக்கும்போது பச்சைத் தேங்காய் உடைத்த மாதிரி ஒரு வாசனை வரும். மடிப்புக்கு மடிப்பு பெருவிரல் நகத்தை வைத்து அழுத்தி, அடியிலிருந்து நுனிக்கு இழுத்தால் நேராகக் கிழியும். நுனியிலிருந்து இழுத்தால் குறுக்கே போய்விடும். கிழித்ததை ஈரச் சாக்கில் சுருட்டி வைத்தால் காலை வரைக்கும் சுருளாது. முதல் வருஷம் வாளித் தண்ணீரில் போட்டு வைத்தோம், ஓலை கறுத்துவிட்டது. ஈரச் சாக்குதான் சரி.

2025 ஏப்ரல் 13 ஆராதனை முடிந்ததும் தரையைப் பார்த்தேன். ஐந்தாறு ஓலைதான் கிடந்தன. மற்றதெல்லாம் சிலுவையாக மடித்து வேதத்துக்குள் வைத்து வீட்டுக்குப் போயிற்று.

அடுத்து மாற்ற வேண்டியவை. குழிக்கு ஒரு கொட்டை போட்டது கஞ்சத்தனம், இரண்டு போட வேண்டும். இரண்டும் வந்தால் மெலிந்ததைக் கிழங்காக எடுத்துக்கொள்ளலாம். மழை பிடித்த பிறகு போடாமல் புரட்டாசி கடைசியிலேயே போட வேண்டும். முள் வேலியை மாசியில் ஒரு தடவை புதுப்பிக்க வேண்டும், ஆடு வருவது அதற்கப்புறம்தான். எண் சில்லை அரையடி தள்ளிப் புதைத்தது மட்டும் போதாது, மூலைகளில் சுவரிலும் எண் எழுத வேண்டும், மணல் மூடினாலும் இடம் தெரியும். தென்கிழக்கு மூலையில் இனிப் பனை போடப் போவதில்லை. மறுபடி வெள்ளம் வந்தால் மறுபடி மூடும். அந்த 25 காலி இடத்தையும் கமிட்டி வேறு எதற்காவது வைத்துக்கொள்ளட்டும்.

எது ஆண் பனை, எது பெண் பனை என்று தெரிய இன்னும் பன்னிரண்டு, பதினைந்து வருஷம் ஆகும். பாளை விட்டால்தான் தெரியும். அந்த நோட்டை நான் ஒருத்தியே வைத்திருப்பது சரியில்லை என்று தோன்றியது. போன சனிக்கிழமை எண்ணி முடித்ததும் ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியிடம் கொடுத்துவிட்டேன். அவள் அன்றைக்கே சிவப்பு மையில் காலியான எண்களை வட்டம் போட்டிருக்கிறாள். தாழ்வு மூலையைக் கழித்தால் 37 குழி. குழிக்கு இரண்டு வீதம் 74 கொட்டை வேண்டும். கொட்டகையில் இப்போது 90 கிடக்கின்றன, முளை விட்டது 61. வருகிற சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கடப்பாரையோடு வருகிறேன் என்று பெரியப்பா சொல்லியிருக்கிறார்.